கோப்பை வைத்த வட்டம்

பெரியவளுக்கு,

பேசாமல் இருந்தது போதும் என்று இன்றைக்குத் தோன்றிவிட்டது, அதனால் எழுதுகிறேன். நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நன்றாக இருக்கிறாய் என்று உன் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். இந்த வீட்டில் எனக்கு எந்தச் செய்தியும் அவள் வழியாகத்தானே வந்து சேரும். இங்கே நாங்களும் நலம்தான். அம்மாவுக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலி, எனக்குக் கண்ணாடியின் பவர் மறுபடி கூடியிருக்கிறது, சின்னவன் நேரத்துக்குச் சாப்பிடுகிறான், நேரத்துக்குத் தூங்குகிறான், என்னோடு மட்டும் பேசுவதில்லை. நானும் அவனோடு பேசுவதில்லை. உன் போன் வந்தால் நான் பால்கனிக்குப் போய்விடுகிறேன் என்பதை நீயே ஊகித்திருப்பாய். 'அப்பா குளிக்கிறார்', 'அப்பா கடைக்குப் போயிருக்கார்' என்று அம்மா உன்னிடம் சொல்வதெல்லாம் அங்கே எனக்குக் கேட்கும். அவள் கணக்குப்படி நான் குளித்த குளியலுக்கு இந்நேரம் தோல் உரிந்திருக்க வேண்டும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், அம்மா போனைப் பிடுங்குவாள். கடிதத்தை நடுவில் யாரும் பிடுங்க முடியாது, நேரம் பார்த்து உனக்குச் சொல்கிறேன் என்று முந்தானையில் முடிந்து வைக்கவும் முடியாது.

பள்ளியில் நடந்ததை அம்மா வாயாலும் தம்பி வாயாலும் கேட்டிருப்பாய். என் வாயாலும் ஒருமுறை கேள். நீ படித்தபோது இறுதிச் சான்றிதழ் வாங்குவது நேரான காரியம். மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஒவ்வொன்றிலும் தேவையான கிரெடிட் புள்ளிகள், வருகை, அதோடு சரி. நீ போன பிறகு புதிது புதிதாகச் சேர்த்துவிட்டார்கள். ஏதாவது ஒரு பணியிடத்துக்குப் போய்ச் சில வாரம் வேலை பழக வேண்டும். அதற்கும் மேலே, கடைசி ஆண்டில் ஒவ்வொரு பிள்ளையும் பள்ளி முடிந்த பிறகு என்ன செய்யப்போகிறேன், மேலே படிப்பதா வேலைக்குப் போவதா, எங்கே, எப்படி என்று ஒரு திட்டம் தயாரித்து, ஓர் ஆசிரியர், வெளியாள் ஒருவர், வீட்டுப் பெரியவர் ஒருவர் என்று மூன்று பேர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் வீட்டுப் பெரியவர் எழுந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அதை அவர்கள் குறித்துக்கொண்டால்தான் அந்தத் தேவை நிறைவேறியதாகக் கணக்கு. எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இது இல்லாமல் சான்றிதழ் கிடையாது. பள்ளிக் கையேட்டை இந்தத் தெருவில் என் அளவுக்குப் படித்த தகப்பன் வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் அதைக் கொசு அடிக்கப் பயன்படுத்துகிறார்கள்.

திட்டம் போடுவது எனக்கு என்ன புதிதா? குடிநீர்த் துறையின் வரைபடப் பிரிவில் தலை நரைத்தவன் நான். எந்தத் தெருவில் எந்த ஆழத்தில் குழாய் போகிறது, எந்த முனையில் வால்வு இருக்கிறது என்பதெல்லாம் என் கை வழியாகப் போனவை. நீ ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது உனக்கு ஒரு படம் வரைந்தேனே, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு குழாய் கிளம்பும், ஒவ்வொரு பாடமும் ஒரு கிளை, தேர்வு வரும் இடமெல்லாம் வால்வுக்கு ஒரு வட்டம், முடிவில் கட்டடப் பொறியியல் என்று ஒரு பெரிய தொட்டி. நீ துணி எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் போகவேண்டிய வழி கண்ணில் படட்டும் என்று நினைத்தேன். 'ஏம்பா, இதுல தண்ணி ஒரு பக்கமாத்தான் போகுமா?' என்று நீ ஒருநாள் கேட்டாய். கிண்டல் என்று எடுத்துக்கொண்டு நானும் சிரித்தேன். எங்கள் அலுவலகப் படங்களின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும், வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று வரி. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எனக்கு அந்த முதல் வரி மட்டும்தான். கணிதத்தில் பட்டம் வாங்கியவனாக இருந்தாலும் பொறியியல் பட்டம் இல்லாதவன் மூன்றாவது வரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. பொறியியலுக்கு எனக்கும் இடம் கிடைத்தது. வீட்டில் ஒருவனைத்தான் அனுப்ப முடியும் என்றார்கள், உன் பெரியப்பா போனார், ஹாஸ்டல் சாப்பாடு வாய்க்கு விளங்கவில்லை என்று பாதியில் திரும்பி வந்தார். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பார்த்தால் என் தோளில் கைபோட்டு, 'நீ அப்பவே இன்ஜினியரிங் படிச்சிருக்கணும்டா' என்று என்னிடமே சொல்கிறார். நான் சாப்பிடுவதுபோல் குனிந்துகொள்வேன். உன் படத்தில் மட்டும்தான் நான் மூன்று வரியிலும் கையெழுத்துப் போட்டேன். வரைந்தவனும் நான், சரிபார்த்தவனும் நான், ஒப்புதல் அளித்தவனும் நான்.

பென்சில் என்று நாம் பெயர் வைத்த எங்கள் அதிகாரியை உனக்குத் தெரியும். பயிற்சிக்கு வந்த காலத்தில் தினமும் 'அண்ணே, ஒரு பென்சில் இருக்கா?' என்று என் மேசை முன்னால் வந்து நின்றவன். அளவுகோலை எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லிக் கொடுத்தவன். இன்றைக்கு என் படங்களில் ஒப்புதல் வரி அவனுடையது. தனியாகப் பார்த்தால் இன்னும் அண்ணேதான். கூட்டத்தில் மட்டும் 'வரைபடப் பிரிவு என்ன சொல்லுது?' என்று கேட்பான், ஏதோ நான் பீரோ மாதிரி. வாங்கிய பென்சில்கள் எதையும் திருப்பித் தரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். சின்னவனின் பணியிடப் பழக்கத்துக்கு என் பிரிவையே கேட்டு வாங்கினேன். என் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கட்டும், பொறியியலில் ஒரு பிடிப்பு வரட்டும் என்று எண்ணம். முதல் நாளே பென்சில், 'சின்ன வயசு, ஏசி ரூம்ல ஏன் ஒக்காரணும், வெளிய போய்ப் பார்க்கட்டும் அண்ணே' என்று அவனைக் கசிவு கண்டுபிடிக்கும் ஆட்களோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டான். அந்த ஆட்களிடம் ஓர் இரும்புக் கம்பி இருக்கும். ஒரு முனையைக் குழாயின் மேலோ சாலையின் மேலோ ஊன்றி, மறு முனையைக் காதில் வைத்து, பூமிக்கு அடியில் தண்ணீர் எங்கே பீறிடுகிறது என்று கேட்பார்கள். சின்னவன் அந்தக் கம்பியைப் பிடித்தவன்தான், பிறகு விடவே இல்லை. சாயங்காலம் சட்டையெல்லாம் சேறாக வந்து, 'அம்மா, இன்னைக்கு மார்க்கெட் ரோட்டுக்கு அடியில ஒண்ணு புடிச்சோம்மா' என்று மீன் பிடித்தவன் மாதிரி சொல்வான். நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன்.

அவனுக்கும் ஒரு படம் உண்டு என்று உனக்குத் தெரியும். அவன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது உன் படத்தை இறக்கி, மேலே டிரேசிங் தாளைப் பரப்பி, அப்படியே நகலெடுத்தேன். சரியாக வந்த படத்தை எதற்கு மாற்ற வேண்டும்? நகலெடுப்பவன் யோசிக்கக் கூடாது, கண் பார்த்ததைக் கை வரைய வேண்டும் என்பது எங்கள் பிரிவின் முதல் பாடம். நான் நல்ல நகலெடுப்பவன். திட்டம் சொல்லும் நாளில் அவன் அந்தப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பியபோது எனக்கு மனசு நிறைந்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, வழித்து வாரிய தலை. பள்ளி நூலகத்தில் குட்டி நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள், முழங்கால் முகத்துக்கு வந்தது. வழிகாட்டி ஆசிரியை ஒருவர், வெளியாளாக ஒரு பல் டாக்டர் அம்மா, நான். அவன் படத்தை மேசைமேல் விரித்து, 'இது எங்க அப்பா எனக்காக வரைஞ்சது' என்றான். பல் டாக்டர் அம்மா குனிந்து பார்த்து 'அடேயப்பா!' என்றார். பொய் சொல்லவில்லை, அந்த நிமிடம் நான் கொஞ்சம் உயரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு அவன் பதினோராம் வகுப்புக் கிளைக்குப் பக்கத்தில் விரலை வைத்தான். அங்கே ஒரு வட்டம், ஓரத்தில் சற்று விட்டுப்போன வட்டம். 'இது என்னன்னு சொல்ல முடியுமா மிஸ்?' என்று கேட்டான். 'வால்வா?' என்றார் ஆசிரியை. 'நானும் அப்படித்தான் மிஸ் நெனச்சேன். பதினொண்ணாவதுல ஏதோ பெரிய பரீட்சை இருக்கு போலன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். பதினொண்ணாவது முடிஞ்சும் ஒண்ணும் வரல. அப்புறம் அக்காகிட்ட கேட்டேன். அது அவ காபி கப் வெச்ச எடமாம்' என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவன் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 'அப்பா ரொம்ப அழகா வரைவார் மிஸ். ஆனா இது அக்காவோடது' என்று சாந்தமாகச் சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டி என்னிடமே இரண்டு கையாலும் கொடுத்தான். பெரியவளே, அந்தக் கறையை எனக்கு நினைவிருக்கிறது. பதினோராம் வகுப்புக்குப் பாடம் தேர்வு செய்யும்போது படத்தை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் விரித்தோம். இதில் இன்னொரு கிளை சேர்க்கலாமா அப்பா என்று நீ கேட்டாய், கோப்பையை அதன்மேல் வைத்துவிட்டு விரலால் ஓர் இடத்தைக் காட்டினாய். தேவையில்லை என்றேன். நீ காட்டியது என்ன கிளை என்று எனக்கு நினைவில்லை. எத்தனையோ நாளாக யோசிக்கிறேன், வரவில்லை. கறையைப் பார்த்து வட்டம் போட்ட கைக்கு, நீ சொன்னது ஞாபகத்தில் தங்கவில்லை. உனக்கு நினைவிருந்தால் எழுது.

அப்புறம் அவன் தன் சொந்தத் திட்டத்தைச் சொன்னான். நீ இருக்கும் ஊரில் குடிநீர்த் தொழில்நுட்பத்துக்கு ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது, இரண்டு ஆண்டுப் படிப்பு, அதில் சேர்ந்து கசிவு கண்டுபிடிக்கும் வேலையை முறையாகக் கற்பது, உன்னோடு தங்குவது, பிறகு தேவைப்பட்டால் வேலை பார்த்துக்கொண்டே பட்டம். எந்தெந்தக் கிரெடிட் அங்கே செல்லும், எது போதாது, போதாததை விடுமுறையில் எப்படி முடிப்பது, எல்லாம் சரியாகவே சொன்னான். என்னிடம் கற்றுக்கொண்ட ஒழுங்கு அது, என்னை விட்டுப் போவதற்குப் பயன்பட்டது. 'பொறியியல் படிக்க மதிப்பெண் இருக்கே, ஏன் அந்தப் பக்கம் போகல?' என்று பல் டாக்டர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி, நான்கூட நிமிர்ந்தேன். அதற்குத்தான் அவன் சொன்னான்: 'எங்க அக்கா இந்தப் படத்துல இருக்கிறபடியே படிச்சா மேடம், ஒரு கிளைகூட மாறாம. நல்ல கம்பெனி, பாலத்துக்கெல்லாம் கணக்கு போட்டா. ஆனா ராத்திரியெல்லாம் தூக்கம் வராது அவளுக்கு. இப்ப அந்த வேலைய விட்டுட்டா. முன்னாடி பாலத்துக்குக் கணக்கு போட்டா, இப்ப அதே பாலத்து மேல பஸ் ஓட்டுறா. நல்லாத் தூங்குறா.' மறுபடி சிரிப்பு. பல் டாக்டர் அம்மா என் பக்கம் திரும்பி, 'உங்க பொண்ணு பஸ்ஸுல ஒருதடவ போகணும் சார்' என்றார், மனசாரத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை. என் மகள் வேலையை விட்டுவிட்டாள் என்பதை ஒரு பல் டாக்டரும் நானும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டோம்.

ஆமாம், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இதை அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், தம்பியையும் சொல்லவிடாமல் கெஞ்சி வைத்திருக்கிறாள். ஆசிரியை, 'சார், உங்க வார்த்தை' என்றார். எழுந்து நின்றேன். சின்னவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு எதுவோ தவறிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது, 'அப்பா, உங்களுக்கு...' என்று ஆரம்பித்தான். நான் படச் சுருளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டேன். குடையை அங்கேயே விட்டுவிட்டு மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அவனுடைய திட்டத்துக்கு எதிரே 'நிலுவை' என்று எழுதிவிட்டார்கள். மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்ட பிள்ளைக்கு அப்பன் வாய் திறக்காததால் சான்றிதழ் நிற்கிறது.

சமையலறையில் உன் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஈரத் துணியோடு நின்று கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைக்காமலே, 'நேரம் பார்த்துச் சொல்லலாம்னு இருந்தேன்' என்றாள். எப்போதுதான் அந்த நேரம் என்றேன். 'உங்க மூஞ்சி கொஞ்சம் நல்லா இருக்கிற நாளாப் பார்த்துக்கிட்டு இருந்தேன். வரல' என்றாள். நான் கத்தினேன், அதை எழுத வேண்டியதில்லை, நீ கேட்டு வளர்ந்த சத்தம்தான். எல்லாம் கத்தி முடித்த பிறகு அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். நீ வேலையை விட்ட அன்றைக்கே அவளிடம் சொன்னாயாம், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அழுதாயாம். 'நான் சொல்லிக்கிறேன்' என்றாளாம். மறுநாள் நீ 'சொன்னியாம்மா, என்ன சொன்னார்?' என்று கேட்டதும் உன் குரலைத் தாங்காமல், 'சொல்லிட்டேன். பேப்பர மடிச்சு வெச்சார். அப்புறம், அவ நல்லா இருந்தாச் சரின்னு சொல்லிட்டார்' என்று சொல்லிவிட்டாளாம். அவ்வளவு நாளும் நீ நான் அப்படிச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனில் நான் உன்னிடம் என்ன கேட்டேன் என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியாது, 'என்னம்மா, பாலம் எப்படி இருக்கு?' என்பேன். 'நிக்குதுப்பா' என்பாய். நான் சிரிப்பேன், மறுநாள் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக் காட்டுவேன். என் பொண்ணு கட்டுன பாலம் நிக்குதாம் என்று பென்சிலின் அறை வரைக்கும் கேட்கும்படி சொல்வேன். நீ என்ன நினைத்திருப்பாய்? அப்பா தெரிந்துகொண்டே குத்திக்காட்டுகிறார் என்றா? இல்லை, மன்னித்துவிட்டுக் கேலி செய்கிறார் என்றா? முதலில் கொஞ்ச நாள் நீ 'நிக்குதுப்பா' என்று சொல்வதற்கு முன் ஒரு இடைவெளி விழும், லைன் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன். பிறகு நீயும் சிரிக்க ஆரம்பித்தாய். கடைசியாக ஒருமுறை, 'நிக்குதுப்பா, நேத்துகூட அது மேலதான் போனேன்' என்றாய். இப்போதுதான் அர்த்தம் புரிகிறது. எனக்குச் சொல்லியே விட்டாய், நான்தான் 'பார்த்துப் போ' என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

உன் அம்மாமேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அதைவிட மோசமாக ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன், பெரியவளே. அவ நல்லா இருந்தாச் சரி என்ற அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது. எத்தனை ஆண்டுப் படிப்பு, எதற்காக இந்தப் பாடு, ஊரில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது, பெரியப்பா காதுக்குப் போனால் என்ன ஆகும் என்றுதான் கேட்டிருப்பேன், உன்னை அழ வைத்திருப்பேன், நீ திரும்பவும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தாலும் உட்கார்ந்திருப்பாய், தூங்காமல். என் பெயரில் உன் அம்மா ஓர் அப்பாவை நடத்திக்கொண்டு வந்திருக்கிறாள். அவன் என்னைவிட நல்லவனாக இருந்திருக்கிறான். நீ போனில் சிரித்ததெல்லாம் அவனோடுதான். வேலையில் என் மேல் ஏறிப் போனவர்களைப் பார்த்து எனக்கு வந்த பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை, இல்லாத அந்த மனிதன்மேல் எனக்கு வருகிற பொறாமைதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

வழிகாட்டி ஆசிரியை போன் செய்தார். பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்துவிட்டு, 'சார், அடுத்த அமர்வு புதன்கிழமை வெச்சிருக்கோம். நீங்க கையேட்டுல அந்தப் பக்கத்த மறுபடி ஒருதடவ பாருங்க. சம்மதம்னு சொல்லணும்னு எங்கயும் இல்ல. முழுசாக் கேட்டேன்னு சொன்னாப் போதும். பிடிக்கலன்னு சேர்த்துச் சொன்னாலும் எழுதிக்குவோம்' என்றார். எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் இருக்கிறது. வரிவரியாகப் படித்த நான் அந்த இடத்தில் ஒப்புதல் என்று நானாகப் படித்து வைத்திருக்கிறேன். எனக்கு எந்தத் தாளைப் பார்த்தாலும் அந்த மூன்றாவது வரிதான் தெரிகிறது போலிருக்கிறது. 'குடையும் இங்கதான் இருக்கு சார், வரும்போது எடுத்துக்கலாம்' என்றும் சொன்னார். வருவேன் என்று எப்படி அவ்வளவு நிச்சயம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

நேற்றுக் காலை குளியலறையில் சின்னவன் சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தான். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் குழாயில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்திருந்தான். நான் பல் விளக்கப் போனவன் வாசலிலேயே நின்றேன். அவன் திரும்பிப் பார்த்தான், எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன், போகவில்லை. ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டினான். நான் குந்த முடியாமல் குந்தி, காதை வைத்தேன். இந்த வேலையில் இத்தனை காலமாக எத்தனையோ மைல் குழாய் வரைந்திருக்கிறேன், ஒன்றில்கூடத் தண்ணீர் ஓடிக் கேட்டதில்லை. முதலில் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் யாரோ மெதுவாக மூச்சு விடுவதுபோல், சுவருக்குள் ஒரு சத்தம், நிற்காத சத்தம். 'கேக்குதாப்பா?' என்றான். அந்த அமர்வுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'ஒண்ணும் கேக்கல' என்றேன். ஸ்க்ரூ டிரைவரை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், எழுத முடிந்திருக்காது. எனக்குக் கேட்டது, பெரியவளே. நன்றாகவே கேட்டது.

புதன்கிழமை போவேன். அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து எழுந்து, என் மகனின் திட்டத்தை முழுவதும் கேட்டேன் என்று சொல்வேன். பிடித்தது என்று சொல்ல மாட்டேன், பொய் சொல்ல இந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. அவன் உன்னிடம் வந்துவிடுவான். பிறகு இந்த வீட்டில் நானும் அம்மாவும்தான். அவள் என்னிடம் நேரம் பார்த்துச் சொல்வதற்கும் செய்தி எதுவும் இருக்காது. அவனை உன்னோடு தங்க வைத்துக்கொள், ஆனால் அவனுக்கு நீ படம் எதுவும் போடாதே. காலையில் எழுப்பினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், கண்டுகொள்ளாதே. ஈரக் காலோடு வேலை செய்துவிட்டு அப்படியே தூங்கிவிடுவான், அவன் கால் விரல்களைப் பார்த்துக்கொள். நீயும் தூங்கு. மழையில் பாலத்தின்மேல் மெதுவாகப் போ, அதன் கணக்கு உனக்குத் தெரியும். ஓய்வுநாள் தவறாமல் எடு. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல், கண்ணாரத் தூங்கி எழ வேண்டும், அதைத் தவிர நான் இப்போது எதையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய். நானே எடுக்கிறேன், குளிக்கப் போக மாட்டேன். பாலத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். வேறு என்ன கேட்பது என்று இன்னும் தெரியவில்லை, எந்த வழியில் ஓட்டுகிறாய் என்று வேண்டுமானால் கேட்கிறேன். எதுவாக இருந்தாலும் இனிமேல் என்னிடமே சொல். என் முகம் நன்றாக இருக்கிற நாளுக்காகக் காத்திருக்காதே. அந்தக் கிளையையும் மறக்காமல் எழுது.

உனக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம், ஹாஸ்டலுக்கு எழுதியவற்றில்கூட, பெயர், பட்டம், பதவி எல்லாம் போட்டு முழுக் கையெழுத்து வைப்பேன் என்று நீ கேலி செய்வாய். இதை எழுதி முடித்துவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி வலது கீழ் மூலையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவ நல்லா இருந்தாச் சரி என்று சொன்ன அப்பாவின் பெயரைப் போட எனக்கு உரிமை இல்லை, ஒண்ணும் கேக்கல என்று சொன்னவனின் பெயரைப் போடக் கை வரவில்லை. இதை உறையில் போட்டு ஒட்டி, அம்மா கண்ணில் படாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளப்போகிறேன். காலையில் தபால்காரர் எடுப்பதற்குள் தெரு முனைத் தபால்பெட்டியில் போட்டுவிடுவேன், கையெழுத்து இல்லாமலே.